அலாஸ்கா ஆறுகளில் மீன்பிடிப்போரும் கரடிகளும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மாநிலங்களுள் பரப்பளவில் மிகப் பெரியது அலாஸ்கா. இதன் பெரும்பகுதிக்குச் சாலை வசதி கிடையாது. நீரில் இறங்கக்கூடிய சிறிய மிதவை விமானத்திலோ படகிலோ சென்று, அங்கிருந்து நடந்துதான் பல ஆறுகளை அடைய முடியும். ஊரும் சாலையும் மருத்துவமனையும் அருகில் இல்லாத இத்தகைய காட்டுப் பகுதியை இக்கட்டுரை 'உட்காடு' என்று குறிப்பிடுகிறது. ஆண்டுதோறும் கோடையில் சால்மன், டிரவுட் முதலிய மீன்களைத் தூண்டிலில் பிடிப்பதற்காக ஏராளமானோர் இந்த உட்காட்டு ஆறுகளுக்கு வருகின்றனர். அதே மாதங்களில், அதே ஆறுகளுக்குப் பழுப்புக் கரடிகளும் வருகின்றன.

இரு தரப்பினரும் ஒரே மீனைத் தேடி ஒரே கரையில் நிற்பதால் நேருக்கு நேர் சந்திப்புகள் தவிர்க்க முடியாதவை. அவற்றுள் பெரும்பாலானவை யாருக்கும் தீங்கின்றி முடிகின்றன. சில, மனிதருக்கோ கரடிக்கோ பெருந்தீங்காக முடிகின்றன. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைப் பல நேரங்களில் தீர்மானிப்பது ஒரு சிறிய செயல்: கரடி நெருங்கும்போது மீன்பிடிப்பவர் தம் கையிலுள்ள மீனை என்ன செய்கிறார் என்பது.

கரடிகள் ஆற்றுக்கு வருவது ஏன்?

அலாஸ்காவில் கரும் கரடி, பழுப்புக் கரடி, பனிக்கரடி ஆகிய மூன்று இனங்கள் வாழ்கின்றன. 'கிரிசிலி' என்று அழைக்கப்படுவதும் பழுப்புக் கரடியே. கடற்கரையை ஒட்டி வாழ்ந்து சால்மன் மீனை உண்பவற்றைப் பழுப்புக் கரடி என்றும், உள்நாட்டில் வாழ்பவற்றைக் கிரிசிலி என்றும் அழைப்பது அங்குள்ள வழக்கம். அலாஸ்காவில் ஏறத்தாழ 30,000 பழுப்புக் கரடிகள் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. மாநிலத்தின் தென்மேற்கிலுள்ள கட்மை தேசியப் பூங்காவில் மட்டும் சுமார் 2,200 உள்ளன. தமிழ் வாசகர்கள் அறிந்த நம் காட்டுக் கரடி கறையானையும் தேனையும் பழங்களையும் நாடுவது. ஆற்றில் இறங்கி மீன் பிடித்து உடல் வளர்ப்பதில்லை. எனவே அலாஸ்காவின் கரடியை அதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

பழுப்புக் கரடி குளிர்காலத்தில் பல மாதங்கள் குகைக்குள் உணவின்றி, நீரின்றி உறங்கிக் கழிக்கிறது. அந்த மாதங்களில் தன் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை அது இழக்கக்கூடும். அதை ஈடுகட்ட வேண்டிய கொழுப்பு முழுவதையும் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் சேர்த்தாக வேண்டும். கட்மையில் வளர்ந்த ஆண் கரடி கோடையின் நடுவில் 270 முதல் 410 கிலோ வரை இருக்கும். அக்டோபரில் சில 450 கிலோவையும் தாண்டிவிடும். பெண் கரடிகள் இதில் மூன்றில் ஒரு பங்கு குறைவான எடை கொண்டவை.

பெண் கரடிக்கு இக்கொழுப்பு இன்னொரு வகையிலும் இன்றியமையாதது. கோடையின் தொடக்கத்தில் இணை சேர்ந்தாலும், கரு உடனே கருப்பையில் பதிவதில்லை. குளிர்காலம் தொடங்கும் வேளையில் தாயின் உடலில் போதிய கொழுப்பு இருந்தால்தான் கரு பதிந்து வளரும்; இல்லையேல் அந்த ஆண்டு குட்டி இல்லை. ஆகவே ஆற்றில் கிடைக்கும் மீன், கரடியின் அன்றைய பசியோடு அடுத்த தலைமுறையையும் தீர்மானிக்கிறது.

இத்தேவையை நிறைவு செய்வது சாக்கை சால்மன் என்னும் மீன். கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காகத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வந்து, முட்டையிட்டபின் இறந்துவிடும் இயல்புடையது இது. உலகிலேயே சாக்கை சால்மன் மிகுதியாக வந்து சேரும் இடம் அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடா. ஒரு மீனில் சுமார் 4,500 கலோரி உள்ளது. நல்ல பருவத்தில் வலிமை மிக்க ஆண் கரடி ஒன்று ஒரே நாளில் 30 மீன்களுக்கு மேல் தின்றுவிடும். மீன் மிகுதியாகக் கிடைக்கும்போது தோல், மூளை, சினை ஆகிய கொழுப்பு மிக்க பகுதிகளை மட்டும் தின்றுவிட்டு எஞ்சியதைக் கரடி விட்டுவிடுவதும் உண்டு.

கரடிகள் மீன் பிடிக்கும் முறைகள்

பிரிஸ்டல் விரிகுடாவில் கலக்கும் நாக்நெக் ஆற்றுத் தொகுதியில், புரூக்ஸ் ஏரியையும் நாக்நெக் ஏரியையும் இணைக்கும் சிற்றாறு புரூக்ஸ் ஆறு. இதன் நீளம் 2.4 கிலோமீட்டர்தான். இதன் நடுவே சுமார் 1.8 மீட்டர் உயரமுள்ள புரூக்ஸ் அருவி குறுக்கிடுகிறது. மேலே தாவ முயலும் மீன்கள் இங்குத் தடைபட்டு ஓரிடத்தில் திரள்வதால், கரடிகள் மீன் பிடிக்கும் முறைகளை இங்குத் தெளிவாகக் காணலாம்.

சில கரடிகள் அருவியின் உச்சியில் நின்று, தாவி வரும் மீனை வாயால் கவ்வுகின்றன. சில அருவியின் அடியில் நுரைக்குள் அமர்ந்து காத்திருக்கின்றன. சில முகத்தை நீருக்குள் ஆழ்த்தி மீனைத் தேடுகின்றன. இளங்கரடிகள் ஆழம் குறைந்த நீரில் மீனைத் துரத்தி ஓடுகின்றன. இதில் ஆற்றல் மிகுதியாகச் செலவாகும், பலன் குறைவு.

இன்னொரு முறையும் உண்டு. அது பிறர் பிடித்த மீனைப் பறிப்பது. பெரிய கரடி நெருங்கினால் சிறிய கரடி மீனைப் போட்டுவிட்டு விலகும். கரடிகளின் உலகில் இது அன்றாட நிகழ்ச்சி. பெரும்பாலும் சண்டையின்றியே முடிந்துவிடும். தூண்டிலோடு ஆற்றில் நிற்கும் மனிதரையும் கரடி இதே கண்ணோடு பார்க்கக் கற்றுக்கொள்ள முடியும் என்பதுதான் சிக்கலின் தொடக்கம்.

தூண்டிலில் சிக்கிய மீனின் ஓசை

ஆரோக்கியமான சால்மனை ஓடும் நீரில் பிடிப்பது கரடிக்கும் எளிதன்று. நீர்ப்பரப்பில் துடிக்கும் மீனின் ஓசை கேட்டால், களைத்த மீன் அல்லது காயம்பட்ட மீன் இருக்கிறது, எளிதாகப் பிடிக்கலாம் என்று கரடி அறிந்துகொள்கிறது. தூண்டில் முள்ளில் மாட்டிய மீனும் அப்படியே துடிக்கிறது. நரம்பு இழுபடும்போது ரீல் சுழலும் ஓசையும் அதனோடு சேர்கிறது.

ஒரு கரடி அந்த ஓசையைக் கேட்டு மீன்பிடிப்பவரை நோக்கி ஓடி வருகிறது எனக் கொள்வோம். அவர் அஞ்சி மீனையும் தூண்டிலையும் போட்டுவிட்டு விலகுகிறார். கரடி மீனைத் தின்கிறது. யாருக்கும் காயமில்லை. ஆனால் கரடி ஒரு பாடம் கற்றுவிட்டது: நீரில் நிற்கும் மனிதரை நெருங்கினால் உழைப்பின்றி மீன் கிடைக்கும். கரடி நினைவாற்றல் மிக்க விலங்கு. தாய் கற்றதைக் குட்டிகளும் உடனிருந்து கற்கின்றன. அடுத்த முறை அது மீன் சிக்கியிருக்கிறதா என்று பார்க்காமலே மனிதரை நோக்கி வரும். அப்போது அங்கு நிற்பவர் வேறொருவராக இருப்பார். கரடி எதற்காக வருகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்காது.

இதனால் அலாஸ்காவில் மீன்பிடிப்போருக்குக் கற்பிக்கப்படும் அடிப்படை விதி ஒன்று உண்டு. கரடி கண்ணில் பட்டு, அது தம்மை நோக்கி வருவதாகத் தெரிந்தால் உடனே தூண்டிலை நீரிலிருந்து எடுத்துவிட வேண்டும். மீன் ஏற்கெனவே சிக்கியிருந்தால், துடிப்பு நிற்கும்படி நரம்பைத் தளர்த்த வேண்டும். அல்லது நரம்பை அறுத்து மீனை விட்டுவிட வேண்டும். கரடி அருகில் வந்தபின் அறுப்பதால் பயன் குறைவு. மீனுக்கும் மனிதருக்கும் உள்ள தொடர்பைக் கரடி உணர்வதற்கு முன்பே அறுக்க வேண்டும்.

சொல்வதற்கு எளிதான இவ்விதி, செய்வதற்குக் கடினமானது. பல நூறு மைல் பயணம் செய்து, பெரும் பணம் செலவிட்டு வந்த ஒருவர், தம் வாழ்நாளில் பிடித்த மிகப் பெரிய மீன் நரம்பின் மறுமுனையில் துள்ளும்போது, கத்தியை எடுத்து அந்த நரம்பை அறுக்க வேண்டியிருக்கிறது. 'இன்னும் ஒரு நிமிடம்' என்று தோன்றுவது இயல்பு. அந்த ஒரு நிமிடத்தில்தான் கரடி பாடம் கற்றுக்கொள்கிறது.

பழகிய கரடியும் உணவைக் கற்ற கரடியும்

மாணவர்கள் குழப்பிக்கொள்ளக்கூடிய இரு கருத்துகளை இங்குப் பிரித்தறிவது நல்லது.

முதலாவது, பழகுதல். மனிதர்களை அடிக்கடி கண்டும் அவர்களால் தீமையோ நன்மையோ எதுவும் நேராதபோது, கரடி அவர்களைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடுகிறது. ஆற்றங்கரை மரத்தைப் போலவே மனிதரையும் அது கடந்து செல்லும்.

இரண்டாவது, உணவைக் கற்றல். மனிதர் இருக்கும் இடத்தில் உணவு கிடைக்கும் என்பதை அறிந்த கரடி, மனிதரைத் தேடி வருகிறது. உணவு கிடைக்காதபோது கூடாரத்தைக் கிழிக்கவும் மனிதரை மிரட்டவும் துணிகிறது.

பழகிய கரடியால் மட்டும் பெரும் ஆபத்து நேர்ந்துவிடுவதில்லை என்பதற்கு அலாஸ்காவின் மெக்னீல் ஆற்று விலங்கு சரணாலயம் சிறந்த சான்று. 1967இல் அமைக்கப்பட்ட இச்சரணாலயத்தில் 1973 முதல் அனுமதிச் சீட்டு முறை நடைமுறையில் உள்ளது. பார்வையாளர்கள் சிறு குழுவாக, பணியாளருடன், ஒரே பாதையில் சென்று ஒரே இடத்தில் அமர்ந்து பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் 74 கரடிகள் வரை அங்குக் காணப்பட்டுள்ளன. சில கரடிகள் மனிதருக்குச் சில மீட்டர் தொலைவிலேயே படுத்துறங்குகின்றன, குட்டிக்குப் பாலூட்டுகின்றன. அனுமதி முறை வந்த பின்னர் அங்குக் கரடியால் எவரும் காயமடைந்ததில்லை. ஏறத்தாழ 30 ஆண்டுகள் அச்சரணாலயத்தைப் பொறுப்பேற்று நடத்திய லாரி ஆமில்லர் உள்ளிட்டோர் கடைப்பிடித்த கொள்கை எளிமையானது: மனிதரின் நடத்தை மாறாமல் ஒரே சீராக இருக்க வேண்டும், மனித உணவில் ஒரு துண்டுகூடக் கரடிக்குக் கிடைக்கக் கூடாது.

இதற்கு நேர்மாறான நிகழ்வு அலாஸ்காவுக்குத் தெற்கே மொன்டானா மாநிலத்தின் கிளேசியர் தேசியப் பூங்காவில் நிகழ்ந்தது. அங்குள்ள கிரானைட் பார்க் விடுதியில் எஞ்சிய உணவை இரவில் வெளியே கொட்டுவதும், அதைத் தின்ன வரும் கிரிசிலிகளை விருந்தினர் வேடிக்கை பார்ப்பதும் வழக்கமாக இருந்தது. அதே பூங்காவின் டிரவுட் ஏரிப் பகுதியில், முகாமிட்டோரின் உணவைக் கரடி ஒன்று அந்தக் கோடை முழுவதும் பறித்து வந்தது. 1967 ஆகஸ்ட் 13 அதிகாலையில், சில மணி நேர இடைவெளியில், இவ்விரு இடங்களிலும் கூடாரமின்றி உறங்கிக்கொண்டிருந்த இரு இளம்பெண்கள் வெவ்வேறு கரடிகளால் கொல்லப்பட்டனர். இருவருக்கும் வயது 19. 1910இல் தொடங்கப்பட்ட அப்பூங்காவில் அதற்கு முன் கரடியால் எவரும் இறந்ததில்லை. அமெரிக்கப் பூங்காக்களில் கரடி, குப்பை, முகாம் உணவு ஆகியவை பற்றிய விதிகள் கடுமையாக்கப்பட்டதற்கு இத்துயர நிகழ்வு ஒரு முக்கியக் காரணமாகும்.

புரூக்ஸ் ஆற்றின் விதிகள்

கட்மை பகுதி 1918இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1912இல் நிகழ்ந்த நோவாருப்டா எரிமலை வெடிப்பின் தடயங்களைக் காப்பதே அப்போதைய நோக்கம். 1980இல் அது தேசியப் பூங்காவாயிற்று. புரூக்ஸ் ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள புரூக்ஸ் முகாம், 1950இல் தூண்டில் மீன்பிடிப்போருக்கான விடுதியாகத் தொடங்கப்பட்டது. இன்று அங்கு வருவோரில் பலர் கரடிகளைக் காணவே வருகின்றனர். ஆயினும் மீன்பிடித்தல் தொடர்கிறது. அதனால் அங்குப் பின்பற்றப்படும் விதிகள் மற்ற இடங்களுக்கும் முன்மாதிரியாகக் கொள்ளத்தக்கவை.

வந்து இறங்கும் ஒவ்வொருவரும் முதலில் 'கரடிப் பள்ளி' என்று வேடிக்கையாக அழைக்கப்படும் சிறு வகுப்பில் கலந்துகொள்ள வேண்டும். கரடியிடமிருந்து குறைந்தது 50 கெஜம், அதாவது சுமார் 46 மீட்டர், தொலைவில் இருக்க வேண்டும் என்பது அங்குக் கற்பிக்கப்படும் முதல் விதி. கரடியே அத்தொலைவுக்குள் வந்தால் மனிதர்தான் விலக வேண்டும். மீன்பிடிப்பவர் உடனே மீன்பிடிப்பதை நிறுத்த வேண்டும். ஆற்றில் செயற்கை ஈயைக் கட்டிய தூண்டிலுக்கு மட்டுமே அனுமதி; மணமுள்ள இரைக்கு இடமில்லை. பிடித்த மீனைக் கரையில் கிடத்தி வைப்பதோ அங்கேயே அறுத்துச் சுத்தம் செய்வதோ கூடாது.

பருவத்தை அறிந்திருப்பதும் தேவை. ஜூலையில் மீன்கள் அருவியைத் தாண்ட முயல்வதால் கரடிகள் அங்குக் கூடுகின்றன. செப்டம்பரில் முட்டையிட்டு இறந்த, இறக்கும் நிலையிலுள்ள மீன்கள் நீரோட்டத்தோடு கீழே வருவதால், கரடிகள் ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு இடம் மாறுகின்றன. அதே மாதத்தில் சால்மன் முட்டைகளைத் தின்று கொழுத்த வானவில் டிரவுட்டைப் பிடிக்க மனிதர்களும் ஆற்றுக்கு வருகின்றனர். நெருக்கடி மிகுந்த காலம் இது. முன்பு ஆற்றைக் கடக்க இருந்த மிதவைப் பாலத்தின் அருகே கரடி படுத்துவிட்டால் மணிக்கணக்கில் மனிதர் காத்திருக்க நேர்ந்தது. 2019 முதல் உயர்த்திக் கட்டப்பட்ட பாலம் பயன்பாட்டில் உள்ளது. கரடிகள் அதன் அடியிலேயே சென்றுவிடுகின்றன.

மீன் கழிவு: ரஷ்யன் ஆற்றின் பாடம்

கட்மையைப் போலன்றிச் சாலை வழியே எளிதில் அடையக்கூடிய ஆறு, கீனாய் தீபகற்பத்திலுள்ள ரஷ்யன் ஆறு. அலாஸ்காவின் மிகப் பெரிய நகரான ஆங்கரேஜிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில், இது கீனாய் ஆற்றோடு கலக்கிறது. ஆண்டுக்கு இருமுறை சாக்கை சால்மன் இங்கு ஏறி வருகிறது. அந்நாட்களில் மீன்பிடிப்போர் தோளோடு தோள் உரச வரிசையாக நிற்பர்.

சதையை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டு முள், தலை, குடல் ஆகியவற்றை அங்கேயே வீசிச் செல்வது பலரின் வழக்கம். முழுதாக வீசப்பட்ட மீன் எலும்புக்கூடுகள் கரையோரத் தேக்கங்களில் குவிகின்றன. அவற்றைத் தேடிக் கரடிகள் வருகின்றன. பின்னர் கரையில் வைக்கப்பட்ட பைகளையும் மீன் கோத்த கயிறுகளையும் அவை ஆராயத் தொடங்குகின்றன. 2003 ஜூலையில், இப்பகுதியில் மீன்பிடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் பழுப்புக் கரடியால் தாக்கப்பட்டு இரு கண்களின் பார்வையையும் இழந்தார். கரடிகள் மிகுந்திருக்கும் கரையில் இருட்டிய வேளையில் நடப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

அதன்பின் அங்கு வலியுறுத்தப்படும் நடைமுறை, 'நில், நறுக்கு, வீசு' என்ற மூன்று சொற்களில் அடங்கும். மீன் கழிவை அப்படியே விடாமல் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, வேகமாக ஓடும் நடு ஆற்றில் வீச வேண்டும். மீனின் உடலிலுள்ள காற்றுப்பையைக் குத்திவிட்டால் அது மிதக்காமல் மூழ்கும். பை, உணவு, பிடித்த மீன் ஆகிய அனைத்தும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும்.

முகாமில் கவனிக்க வேண்டியவை

கரடியின் மோப்பத் திறன் மிகக் கூர்மையானது. உட்காட்டில் இரவு தங்குவோர் உறங்கும் இடம், சமைக்கும் இடம், உணவு வைக்கும் இடம் ஆகிய மூன்றையும் முக்கோணமாக, ஒன்றுக்கொன்று சுமார் 90 மீட்டர் தொலைவில் அமைத்துக்கொள்வர். உணவும் மீனும் கரடியால் திறக்க முடியாத கடினமான உருளைப் பெட்டிக்குள் வைக்கப்படுகின்றன. பற்பசை, சோப்பு, மீன் நாற்றம் ஏறிய உடை ஆகியனவும் கூடாரத்துக்குள் செல்லக் கூடாது. மீன் அறுத்த கையைத் தாம் அணிந்திருக்கும் உடையில் துடைத்துக்கொண்டு, அதே உடையோடு உறங்கச் செல்வது பெரும் தவறு. மின்கலத்தில் இயங்கும் சிறிய மின்வேலியைக் கூடாரத்தைச் சுற்றி அமைப்பதும் வழக்கத்தில் உள்ளது.

ஆற்றங்கரைகளில் கரடிகள் நடந்து நடந்து ஏற்பட்ட தடங்கள் இருக்கும். அவை மனிதருக்கும் வசதியான பாதைகளாகத் தோன்றும். அவற்றின் மீதோ அருகிலோ கூடாரம் அடிக்கக் கூடாது.

நேருக்கு நேர் சந்தித்தால்

ஓடும் நீரின் இரைச்சலில் கரடிக்கு மனிதர் வருவது கேட்பதில்லை. மனிதருக்கும் கரடி வருவது கேட்பதில்லை. ஆகையால் புதர் அடர்ந்த கரையில் நடக்கும்போது பேசிக்கொண்டோ கைதட்டிக்கொண்டோ செல்ல வேண்டும். கூட்டமாகச் செல்வது நல்லது.

கரடி எதிர்ப்பட்டால் ஓடக் கூடாது. பழுப்புக் கரடி மணிக்கு 50 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடக்கூடியது. ஓடுவது அதன் துரத்தும் இயல்பைத் தூண்டும். நின்ற இடத்தில் நின்று, தாழ்ந்த குரலில் பேசி, தாம் மனிதர் என்பதை உணர்த்தி, மெல்லப் பின்னகர வேண்டும். கரடியும் தொடர்ந்து வந்தால் அசையாமல் நிற்க வேண்டும். கரடி பின்னங்கால்களில் எழுந்து நிற்பது தாக்குதலுக்கான அறிகுறி எனப் பலர் கருதுகின்றனர். உண்மையில் அது நன்றாகப் பார்க்கவும் மோப்பம் பிடிக்கவுமே அவ்வாறு நிற்கிறது. பற்களை நெறிப்பதும், உரக்க மூச்சு விடுவதும், எச்சில் வடிப்பதும்தான் அது பதற்றமடைந்திருப்பதைக் காட்டும் அறிகுறிகள். பாய்ந்து வந்து பாதியில் நின்றுவிடும் பொய்ப் பாய்ச்சலும் உண்டு.

கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் ஸ்டீபன் ஹெரேரோ, கரடித் தாக்குதல்களுக்கான காரணங்களை ஆராய்ந்து 1985இல் நூலாக வெளியிட்டார். தற்காப்புக்காகத் தாக்கும் கரடியையும் இரையாகக் கருதித் தாக்கும் கரடியையும் பிரித்தறிய வேண்டும் என்பது அதன் முக்கியக் கருத்து. குட்டியையோ உணவையோ காப்பதற்காகத் திடீரெனத் தாக்கும் பழுப்புக் கரடி, எதிரி அடங்கிவிட்டால் பெரும்பாலும் விலகிவிடும். எனவே அது உடலைத் தொட்டுவிட்டால், குப்புறப் படுத்து, கைகளைப் பிடரியின் பின்னே கோத்து, கால்களை அகற்றி வைத்து அசையாமல் கிடக்க வேண்டும். முதுகுப்பையைக் கழற்றக் கூடாது. தாக்குதல் நிற்காமல் நீடித்தாலோ, தாக்குவது கரும் கரடியாக இருந்தாலோ, கூடாரத்துக்குள் புகுந்து தாக்கினாலோ கையில் கிடைத்ததைக் கொண்டு எதிர்த்துப் போராட வேண்டும்.

மிளகாய்த் தெளிப்பான்

மிளகாயின் காரப் பொருளான கேப்சைசினை அழுத்தத்தில் அடைத்த கரடித் தெளிப்பான் இன்று பரவலாகப் பயன்படுகிறது. இதைச் சுமார் 7 முதல் 9 மீட்டர் தொலைவில் கரடி வரும்போது அதன் முகத்துக்கு முன்னே பீய்ச்ச வேண்டும். அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை இது பயன்படுத்தப்பட்ட 83 நிகழ்வுகளை ஆராய்ந்து, டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ முதலியோர் 2008இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். பழுப்புக் கரடிகளின் விரும்பத்தகாத நடத்தையை 92 விழுக்காட்டு நிகழ்வுகளில் தெளிப்பான் நிறுத்தியது என்றும், அந்நிகழ்வுகளில் தெளிப்பானை வைத்திருந்தவர்களில் 98 விழுக்காட்டினர் காயமின்றித் தப்பினர் என்றும் அது கூறுகிறது.

இரு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, தெளிப்பான் இடுப்பிலோ மார்பிலோ கைக்கு எட்டுமாறு இருக்க வேண்டும். கரையில் கிடக்கும் பைக்குள் இருப்பதால், இடுப்பளவு நீரில் நிற்பவருக்கு எந்தப் பயனும் இல்லை. இரண்டாவது, இது கொசு விரட்டியைப் போல முன்கூட்டியே பூசிக்கொள்ளும் பொருள் அன்று. கூடாரத்தின் மீதோ பையின் மீதோ தெளித்தால் காய்ந்த மிளகாயின் மணம் கரடியை ஈர்க்கவே செய்யும். கட்மை பகுதியிலுள்ள குலிக் ஆற்றங்கரையில், தெளிப்பு படிந்த தரையில் கரடிகள் புரண்டதைக் கண்டறிந்து டாம் ஸ்மித் 1998இல் பதிவு செய்தார்.

கரடிக்கு நேரும் இழப்பு

உயிருக்கு ஆபத்து நேரும்போது கரடியைச் சுட அலாஸ்கா சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் உணவையோ குப்பையையோ கவனக்குறைவாக விட்டு வைத்ததன் விளைவாகக் கரடி வந்திருந்தால் இப்பாதுகாப்பைக் கோர முடியாது. சுட்டவர் கரடியின் தோலையும் மண்டையோட்டையும் அரசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். உணவைக் கற்றுவிட்ட கரடியை வேறிடத்துக்குக் கொண்டுபோய் விடுவதும் பெரும்பாலும் பயன் தருவதில்லை. அது நெடுந்தொலைவு கடந்து பழைய இடத்துக்கே திரும்பி வரக்கூடியது. ஆகவே இத்தகைய கரடியின் கதை பல வேளைகளில் துப்பாக்கியில் முடிகிறது. தாய்க் கரடி கொல்லப்பட்டால், அவ்வாண்டு பிறந்த குட்டிகள் தனித்துப் பிழைப்பது அரிது.

முதலில் மீனைக் கொடுத்தவர் இதை அறிவதில்லை. அவர் ஊர் திரும்பி, கரடி தம் மீனைப் பறித்துச் சென்ற கதையைச் சுவையாகச் சொல்லிக்கொண்டிருக்கலாம். அந்த மீனின் விலையைக் கொடுப்பது பல வாரங்களுக்குப் பின் அதே துறையில் நிற்கும் வேறொரு மனிதர் அல்லது அந்தக் கரடி. உட்காட்டு ஆற்றில் மீன்பிடிக்கச் செல்வோர், தூண்டில் வீசப் பழகுவதற்கு முன் நரம்பை அறுக்கப் பழக வேண்டும் என்று அங்குள்ள வழிகாட்டிகள் வலியுறுத்துவது இதனால்தான். சிறிய கத்தி ஒன்றைச் சட்டையின் மார்புப் பகுதியில், ஒரே கையால் எடுக்கும்படி தொங்கவிட்டுக்கொள்வது இதற்கு எளிய வழி.